எனக்காக விட்ட சோறு

என் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன நாள்முதல், எங்கள் விடத்தல்தீவு வீட்டில் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் ஒரு வழக்காயிற்று. சோற்றைக் குறைத்தால், "என்ர சமையல் பிடிக்கேல்லையோ?" என்று அம்மா முகம் வாடுவார். வாதாடத் தெரியாத நான் முழுவதையும் உண்டுவிடுவேன்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியதும் இரவுச் சோற்றையும் இனிப்பையும் விட்டேன். அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆண்டவருக்காக உணவை ஒறுக்கும் நோன்பு என்று அவராகவே எண்ணி, அயலவரிடமும் பெருமையாகச் சொன்னார். என் பாவாடை இடுப்பில் தளர்ந்தது. முதன்முறையாக நம்பிக்கை பிறந்தது.

உயிர்ப்பு ஞாயிறன்று பூசை முடிந்து வந்ததும், அம்மா என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குவித்து ஆட்டிறைச்சிக் கறியை ஊற்றினார்.

"போதும் அம்மா."

"என்ன போதும்? ஆண்டவரே உயிர்த்தெழும்பிட்டார், நீ இன்னும் பட்டினி கிடக்கிறாய்!"

அண்ணன் சிரித்தான். "விடுங்கோ அம்மா, அவள் அடுத்த தவக்காலத்தை இப்பவே தொடங்கிட்டாள்."

இத்தனை வாரத்து முயற்சியும் அந்தக் கோப்பைக்குள் புதைவதாகத் தோன்றியது.

"நான் ஆண்டவருக்காக விடேல்லை அம்மா. எனக்காக விட்டனான்."

"உனக்காகவோ?" அப்படியொன்றை முன்பு கேட்டே அறியாதவர்போல அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பாதிச் சோற்றை எடுத்துத் தம் கோப்பையில் போட்டுக்கொண்டார். போட்ட கையோடு, பெரிய இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளினார்.

ஆண்டவரின் பெயருக்கு எங்கள் வீட்டில் கேளாமலே கிடைத்த அனுமதியை, என் பெயருக்கு இன்றும் வேளைதோறும் கேட்டுப் பெறுகிறேன். சலிப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும் கேட்கிறேன்.