நான் படிக்காத கடிதம்

பொழிச்சலூரில் எங்கள் மகளிர் குழுவுக்கு நான்தான் தலைவி. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் குழுவுக்குக் கடிதம் வந்தது. சித்தாள் வேலையில் இடுப்பு விட்டுப்போன செல்வி, "குடுக்கா, படிக்கிறேன்" என்றாள்.

"ஏன், தலைவிக்குப் படிக்கத் தெரியாதா? கூட்டத்துக்குக் கூப்ட்டுகீறாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் அதிகாரி அம்மா வந்து, "கடிதம் போட்டிருந்தோமே, தையல் பயிற்சிக்கு ஏன் யாரையும் அனுப்பல? மெஷினே இலவசமா குடுத்தாங்களே" என்றார். செல்வி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

கடிதத்தை எடுத்து நீட்டினேன். செல்வி படித்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா சொல்லிச்சு மேடம். நான்தான் போவல" என்றாள்.

எனக்குப் படிக்க வராது என்று அப்போதும் என் வாயில் வரவில்லை. மறுநாள் காலை செல்வி செங்கல் சுமக்கப் போனாள்.