வோல்ற்றரின் சுட்டுவிரல்

பேய் பிசாசு என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போகிறவள் நான். பிறந்தநாள் கொண்டாட்டங்களில் சாப்பாடு முடிந்த பிறகு நாலு பேர் கூடி, புளியமரம், வெள்ளைச் சீலை என்று ஆரம்பிப்பார்கள் பாருங்கள், எனக்கு எரிச்சல்தான் வரும். செத்தவர்களுக்குப் பக்கத்தில் படுத்து நித்திரை கொண்டவள் நான், அதுவும் ஒருநாள் இரண்டுநாள் இல்லை. அவர்களில் ஒருவரும் எழும்பி வந்து என்னோடு கதைக்கவில்லை, வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வராது. என் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

எனக்கு ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, கரண்டியால் சாப்பாடு தீத்துவது, கடைசியில் கண்ணை மூடிவிடுவது. காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணிவரை. வோல்ற்றர் அங்கே என் பொறுப்பில் இருந்தவர். தொண்ணூறு வயதைத் தாண்டிய மனிதர், பெடியனாக இருக்கும்போது கொரியச் சண்டைக்குப் போய் அங்கே ரேடியோ தூக்கித் திரிந்தவர். பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. உடம்பில் சொன்னபடி கேட்டது வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றுதான்.

அவருடைய பேரன் ரயன் ஒவ்வொரு ஞாயிறும் பிறம்ரனில் இருந்து வருவான். அவன் ஆப்கானிஸ்தானில் சண்டை பிடித்துவிட்டு வந்தவன், நாற்பது வயதிருக்கும். அவன்தான் எங்களுக்கு அந்த வழியைக் காட்டித் தந்தான். தாத்தாவிடம் ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள், கட்டில் கம்பியில் விரலால் தட்டுவார், ஒன்று தட்டினால் இல்லை, இரண்டு தட்டினால் ஆம், எதிரி கிட்டத்தில் நிற்கும்போது ரேடியோவில் வாய் திறக்காமல் பட்டனை அமத்திப் பதில் சொல்லுகிற முறை இது என்றான். ஆப்கானிஸ்தானில் நாங்களும் இப்படித்தான் செய்தோம் என்றான்.

நான் தலையணை உறை மாற்றிக்கொண்டு நின்றேன். கை அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஒன்று இல்லை, இரண்டு ஓம்.

ஓம், நானும் இயக்கத்தில் இருந்தவள்தான். வன்னியில், சண்டையின் கடைசி மாதங்கள்வரை. எனக்கும் ரேடியோ வேலைதான், வோக்கி என்று சொல்வோம். இந்த நாட்டுக்கு வந்தபோது அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். என் மனுசனுக்கே முழுக்கத் தெரியாது. ஆனால் ரயன் கண்டுபிடித்துவிட்டான். எப்படி என்று கேட்டேன். வாசலைப் பார்க்கிற கதிரையில்தான் எப்போதும் இருக்கிறீர்கள் என்றான். அவனிடம் மறைக்க எனக்கும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நாங்கள் மூன்று பேரும் கதைப்போம். மூன்று பேர் என்றால் இரண்டு பேர் வாயால், ஒருவர் விரலால். யாராவது வெளியில் நின்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள், நாங்கள் அதிகம் கதைத்தது கால்களைப் பற்றி. வோல்ற்றருக்குப் பனியில் கால் விரல் இரண்டு போனது. ரயனுக்கு சப்பாத்துக்குள் மணல் போய்ப் புண். எனக்குக் கடைசியில் சப்பாத்தே இல்லை. டீசல் மணம் மூன்று பேருக்கும் ஆகாது. ரயன் இன்றைக்கும் ரோட்டில் ஒரு பொலித்தீன் பை கிடந்தால் அதன்மேல் காரை விடமாட்டான், கண்ணிவெடிப் பயம், அதனால்தான் ட்ரக் ஓடுகிற வேலையை விட்டு வெயார்ஹவுசில் நிற்கிறான்.

ஆனால் எல்லாச் சண்டையும் ஒன்று என்று சொல்ல என்னால் முடியாது. வோல்ற்றர் கப்பலில் திரும்பி வந்தபோது, எங்கே போயிருந்தாய் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லையாம். ஆனாலும் ஒரு பெட்டிக்குள் பதக்கங்கள் இருந்தன. நவம்பரில் போர்வீரர் நினைவுநாள் வந்தால் நான்தான் அவருடைய சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூ குத்திவிடுவேன். ரயன் காலையில் சண்டை பிடித்துவிட்டுப் பின்னேரம் மனைவியோடு போனில் கதைத்தவன், முடிந்ததும் விமானத்தில் வந்து இறங்கி, ஒரு கிழமைக்குள் சூப்பர்மார்க்கெட்டில் பால் வாங்க நின்று விறைத்துப்போனவன். அவர்கள் சண்டைக்குப் போய் வீட்டுக்கு வந்தார்கள். நான் எங்கே போய் எங்கே வருவது? நான் படித்த பள்ளிக்கூடத்துக்குள்தானே பங்கர் வெட்டினோம். கடைசியில் யாரோ தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு சனத்தோடு சனமாக வெளியே வந்தேன்.

ஒருநாள் ரயனிடம் கேட்டேன், உங்களில் ஒருவர் காயப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று. ஹெலிகொப்டர் வரும் என்றான். எந்த இடத்துக்கும் வருமோ என்று கேட்டேன். வரும், விட்டுவிட்டு வந்ததே இல்லை என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, தாத்தாவுக்கு அப்படி இல்லை, முள்ளுக்கம்பிக்குள் விழுந்த ஒரு கூட்டாளி நெடுநேரம் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தானாம், போகக்கூடாது என்று கட்டளை, தாத்தா ரேடியோவோடு இருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம் என்றான். வோல்ற்றர் இரண்டு தரம் தட்டினார். நான் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள், றெஜினா. மன்னார்ப் பிள்ளை, என் வயது. முன்னுக்குப் போன குழுவில் அவள் வோக்கி வைத்திருந்தாள், நான் பின்னுக்குப் பங்கருக்குள் இருந்தேன். ஒரு மத்தியானம் அவளுடைய குழுவின் சத்தம் நின்றுபோய், வோக்கியில் பட்டன் அமத்துகிற சத்தம் மட்டும் வந்தது. நான் கேட்டேன், அவள் அமத்தினாள்.

"பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?" ஒன்று.

"ஆமி கிட்டவோ?" இரண்டு.

"காலிலையோ காயம்?" இரண்டு.

"நடக்கேலுமோ?" ஒன்று.

"தண்ணி கிடக்கோ?" ஒன்று.

பிறகு நான், "றெஜி, நான் வரட்டோ?" என்று கேட்டேன். அந்த நேரம் பொறுப்பாளர் அக்கா பின்னால் வந்து, "சனலை மாத்து, ஆமிக்காரங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறாங்கள்" என்றார். நான் அலைவரிசையை மாற்றினேன். இந்தக் கையால்தான் மாற்றினேன். அவள் என்ன பதில் அமத்தினாள் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் அவளை எடுக்கப் போகவில்லை.

இதிலே கொடுமை என்னவென்றால் றெஜினாவின் அம்மா இங்கேதான் இருக்கிறார், டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில். ஞாயிறு வேலை மூன்று மணிக்கு முடிய நான் கத்தோலிக்கக் கோயிலில் பின்னேரத் தமிழ்ப் பூசைக்குப் போவேன், அவரும் மகளின் படத்தைப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துக்கொண்டு வருவார். வன்னியில் இருந்து வந்த ஆட்கள் என்று யாரைக் கண்டாலும், இவளைக் கண்டீர்களா என்று காட்டிக் கேட்பார். என்னிடமும் கேட்டார். தெரியாது அன்ரி என்றேன். நவம்பர் மாதம் கோயிலில் ஒரு கொப்பி வைப்பார்கள், செத்த உறவுகளின் பெயரை எழுதினால் அந்த மாதம் முழுக்க அவர்களுக்காகச் செபிப்பார்கள். அன்ரி புருஷனின் பெயரை எழுதுவார், தாய் தகப்பனின் பெயரை எழுதுவார், பேனையை வைத்துவிட்டு வந்துவிடுவார். மகளின் பெயரை அந்தக் கொப்பியில் ஒருவருஷமும் எழுதியது கிடையாது. நான் பின் வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன நவம்பரில் வோல்ற்றருக்கு வருத்தம் கடுமையாகிவிட்டது. சாப்பாடு நின்றுவிட்டது. ரயனுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள், அவன் பிறம்ரனில் இருந்து வரவேண்டும், நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். அவன் வரும்வரை தனியே விடக்கூடாது என்று நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பகல் இரண்டு மணி, வெளியே நல்ல வெயில், நடைபாதையில் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்கிற சத்தம். பேய்க்கதைக்கு ஏற்ற நேரமே இல்லை.

ஆங்கிலத்தில் கேட்டேன், நோகுதா, தண்ணீர் வேண்டுமா என்று. விரல் அசையவில்லை. சரி, மனிதருக்கு இனிக் கேட்காது என்று நினைத்தேன். உதட்டை நனைக்கப் பஞ்சை எடுக்கும்போது, என்னையறியாமல் தமிழில், "தண்ணி வேணுமே?" என்று கேட்டுவிட்டேன். சாகிறவர்களிடம் எனக்குத் தமிழ்தான் வரும்.

விரல் இரண்டு தரம் தட்டியது.

சாகும்போது நரம்பு துடிக்கும், எத்தனையோ பேரில் பார்த்திருக்கிறேன். அதனால் இன்னொன்று கேட்டேன், "நோகுதோ?" இரண்டு. ஏன் கேட்டேன் என்று தெரியாது, "பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?" என்றேன். அவருடைய இடக்கை என் கைக்குள் இருக்கிறது. விரல் ஒரு தரம் தட்டியது.

"ஆமி கிட்டவோ?" இரண்டு. ஆமி என்ற சொல் அவருக்கும் விளங்கும்தானே என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். "காலிலையோ காயம்?" இரண்டு. "நடக்கேலுமோ?" ஒன்று. "தண்ணி கிடக்கோ?" தண்ணீர்க் கோப்பை அவருடைய தலைமாட்டில்தான் இருக்கிறது. ஒன்று.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தட்டுக்கூட மாறவில்லை. இந்தக் கேள்விகளை நான் ரயனுக்குச் சொன்னதில்லை, என் மனுசனுக்குச் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. எழும்பி ஓடியிருக்கலாம். ஆனால் இனி ஒரு கேள்விதான் மிச்சம், அதன் பதிலுக்காக நான் பதினைந்து வருஷமாகக் காத்திருக்கிறேன்.

"றெஜி, நான் வரட்டோ?"

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. சாப்பாட்டு வண்டி கதவடியைத் தாண்டிப் போனது. விரல் ஒரு தரம் தட்டியது. பிறகு அவருக்கு மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை.

நேர்ஸ் வந்து பார்த்து நேரத்தை எழுதினார். நான் உடம்பைத் துடைத்து, துவைத்த சட்டை போட்டு, பூவையும் குத்திவிட்டேன். அந்தச் சுட்டுவிரல் மட்டும் கம்பிக்கு மேலே தூக்கினபடி நின்றது. சாதாரணமாகச் செத்தவுடன் கை சோர்ந்துவிடும், இது சோரவில்லை. நெஞ்சில் கையைக் கட்டுவதற்காக அதை மெல்ல அமத்தி மடித்தேன். ரயன் வந்தான். எங்கள் இல்லத்தின் வழக்கப்படி வேலைசெய்கிற எல்லாரும் நடைபாதையில் வரிசையாக நிற்க, பொப்பிப்பூப் போர்வை போர்த்தி முன்வாசலாலேயே கொண்டுபோனார்கள். ரயன் சலூட் அடித்தான். என் கையும் பாதிவரை எழும்பியது, இறக்கிவிட்டேன்.

அன்றைக்கு பஸ்ஸில் இருந்து நான் சிரித்தேன், உண்மையாகவே சிரித்தேன். ஒன்று. வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். நான் போகாதது அவளுக்குச் சம்மதம். இனி அந்தத் தாயிடம் போய்ச் சொல்லலாம் என்று எனக்கு முதன்முதலாகத் துணிவு வந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை டோர்செட் பார்க்குக்குப் போனேன். அன்ரி தேத்தண்ணி தந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வோக்கி, சனல், வோல்ற்றர், விரல், ஒன்றையும் விடாமல். எனக்கு அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் அழவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ வர வேண்டாமெண்டு சொன்னவ, அன்ரி. ஒருக்காத்தான் தட்டினவர்."

அன்ரி என் வெறும் கோப்பையை எடுத்து வைத்தார். பிறகு, "ஒண்டு தட்டின உடனையோ பிள்ளை அவர் செத்தவர்?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப ரெண்டாவது தட்ட முதல் சீவன் போயிட்டுதோ, என்னவோ? அதை நீர் எப்படிச் சொல்லுவீர்?"

கோபமாகக் கேட்கவில்லை. அடுப்பை நிப்பாட்டினீரோ என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார். அடுத்தநாள் கோயிலில் அவர் கொப்பியடிக்குப் போனார், புருஷனின் பெயரை எழுதினார், தாய் தகப்பனின் பெயரை எழுதினார், பேனையை வைத்துவிட்டு வந்தார்.

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். வோல்ற்றருக்கு எப்படித் தமிழ் விளங்கியது என்றெல்லாம் நான் இப்போது யோசிப்பதில்லை. நான் யோசிப்பது அந்த விரலை. அது இன்னொரு தரம் கீழே வருவதற்காக மேலே தூக்கினபடி நின்றது. அதைப் பிடித்துக் கீழே அமத்தினது நான்தான்.