சிவப்புத் துணி கட்டிய எஞ்சின்

எங்கள் தொழிற்சாலைக்குள் சரக்குப் பெட்டி இழுத்த மூன்று டீசல் எஞ்சின்களையும் ஏலத்துக்காகப் படம் எடுக்கச் சொன்னார்கள். அவற்றை ஓட்டியவன் நான். எல்லாம் லாரிக்கு மாறிய பின் என்னை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். எஞ்சின் தெரிந்த ஆள் வேறு இல்லை என்பதால் கேமராவும் என் கைக்கு வந்தது. முன்னால், பின்னால், இரண்டு பக்கவாட்டு, எண் தெரியும்படி ஒன்று. கல்யாணத் தரகர்கூட இத்தனை படம் கேட்கமாட்டார். ஏலம் எடுக்கிறவர்களோ உடைக்கப் போகிறவர்கள்.

குன்னூர் மேகம் வந்து வந்து லென்ஸை மூடியது. துடைத்துத் துடைத்து முதல் இரண்டையும் எடுத்து முடித்தேன். மனசில் ஒன்றுமே இல்லை. இருபது வருஷம் உட்கார்ந்த இருக்கையை யாரோ விட்டுப்போன மூட்டையைப் போலத்தான் பார்த்தேன்.

மூன்றாவதன் கைப்பிடிக் கம்பியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கட்டியவன் என் மனைவியின் தம்பி, ஃபிட்டர். எஞ்சினுக்கு அடியில் இறங்குகிறவன், ஆள் இருக்கிறான் நகர்த்தாதே என்பதற்கு அடையாளமாகத் துணி கட்ட வேண்டும். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். அதிகாரியே சொன்னாலும் இன்னொருவன் கை வைக்கமாட்டான். அவிழ்த்த பிறகும், மேலே வந்துவிட்டாயா என்று ஓட்டுகிறவன் குனிந்து கேட்டு, பதில் வந்த பின்தான் எஞ்சினை எடுக்க வேண்டும். ஒருமுறை அவன் அவிழ்க்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டான். ஆள் அனுப்பி, பாதிச் சோற்றில் வரவழைத்தேன். என் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு அவிழ்த்தான்.

இந்தத் துணியை ஒரு சனிக்கிழமை கட்டினான். பிரேக் வேலை பாக்கி, திங்கட்கிழமை முடித்துவிடுகிறேன் என்று போனான். ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்ப எழுப்பினார்கள், எழுந்திருக்கவில்லை. அடக்கத்தின்போது எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பின்னும் வரவில்லை. அந்த எஞ்சினை யாரும் நகர்த்தவுமில்லை. இரண்டு மழைக்காலத்தில் துணி வெளுத்துப்போயிருந்தது.

துணியோடேயே படம் எடுத்துக் கொடுத்தேன். எண்ணை மறைக்கிறது, அவிழ்த்துவிட்டு மறுபடி எடுங்கள் என்று அதிகாரி திருப்பிவிட்டார். சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஏனுங்க, வேற யாராச்சும் அவுக்கட்டுங்க. நீங்க மட்டும் அவுக்காதீங்க."

மறுநாள் துணியை அவிழ்த்துத் தரச் சொல்லி இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். கட்டினவரு வந்து அவுக்கோணுமுங்க என்று ஒருவர் சொல்லிவிட்டு, சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர் வேலை இருப்பதாகப் போய்விட்டார். அவர்கள் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நானே அவிழ்த்தேன். மழையில் இறுகிய முடிச்சு. நகம் பெயர்ந்தது; வலி தெரியவில்லை. துணியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கேமராவைத் தூக்கினேன். எண் பளிச்சென்று தெரிந்தது. விரல் அழுத்த மறுத்தது.

கேமராவைத் தரையில் வைத்துவிட்டு ஈரப் புல்லில் மண்டியிட்டேன். சக்கரங்களுக்கு இடையில் குனிந்து பார்த்தேன்.

"மேல வந்துட்டியா மாப்ள?"

பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. நான் நகரவில்லை.