டேங்கி மூடியில் சந்தனம்

1. புல்வெட்டி தண்ணீர் இறைத்தது

இஞ்சின் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச நேரம் ராஜா மாதிரி ஓடும். பிறகு இருமும், முக்கும், நின்றுவிடும். கயிற்றைச் சுற்றி இழுத்தால் மறுபடி ஓடும். மறுபடி நிற்கும்.

இப்போது ஜொகூர் பாருவில் புல்வெட்டும் மெஷின் ரிப்பேர் செய்கிற பையன்கள் இந்தக் கோளாறோடு என்னிடம் வருவார்கள். "அங்கிள், பிளக் மாத்தியாச்சு, கார்பரேட்டர் மாத்தியாச்சு, அப்பவும் செத்துப்போகுது லா" என்று தலையைச் சொறிவார்கள். மெஷினின் சொந்தக்காரர் திட்டுவார் என்பதுதான் அவர்கள் கவலை. எனக்கு இதே கோளாறு சப்பான்காரன் காலத்தில் வந்தது. சரிசெய்யாவிட்டால் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகவேண்டும். சயாமுக்குப் போனவர்களைப் பற்றி எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. செய்தி வராததே பெரிய செய்தியாக இருந்தது.

என் பெயர் சவரிமுத்து. அப்போது உலு திராமுக்கு உள்ளே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிட்டர், மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். சண்டை நெருங்கியதும் எங்கள் வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். பங்களா முன்னால் இருந்த புல்தரைக்காகச் சீமையிலிருந்து வரவழைத்த மோட்டார் புல்வெட்டியை விட்டுவிட்டுப் போனார். அந்தப் புல்வெட்டி மழையில் நனைந்தால் துரை என்னைத் திட்டுவார். நான் நனைந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்.

சப்பான் பட்டாளம் வந்ததும் ஆற்றங்கரையில் இருந்த பெரிய பம்ப் இஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக் குழாயில் காற்றுகூட வரவில்லை. பெண்கள் ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள். துரையின் புல்தரையைக் கொத்தி மரவள்ளி நட்டாகிவிட்டது, ஆகவே புல்வெட்டிக்கும் வேலை இல்லை. நான் அதன் இஞ்சினைக் கழற்றி, ஆற்றங்கரைப் பம்போடு ஒரு பழைய பெல்ட் போட்டு மாட்டினேன். சின்ன இஞ்சின்தான். ஆனால் லயத்துக்கும் மேட்டுப் பங்களாவுக்கும் தண்ணீர் ஏறியது. அன்றைக்கு எனக்கு லயத்தில் மாப்பிள்ளை மரியாதை.

2. ரப்பர் எண்ணெய், தேங்காய் எண்ணெய்

பெட்ரோல் கண்ணில் காணக் கிடைக்காது. ரப்பர்க் கழிவை டிரம்மில் போட்டு மூடிக் காய்ச்சி, வரும் ஆவியைக் குளிரவைத்தால் ஒரு கறுப்பு எண்ணெய் சொட்டும். அதுதான் எரிபொருள். அதன் நாற்றத்தில் நாய்கூடப் பம்ப் கொட்டகைப் பக்கம் வராது. இஞ்சினுக்கு உள்ளே ஊற்றும் எண்ணெயும் கிடையாது, தேங்காய் எண்ணெய்தான். இஞ்சின் சூடேறினால் முறுக்கு சுடுகிற வாசம் வரும். நாய் வராத இடத்துக்கு மனிதர்கள் வந்தார்கள். மரவள்ளி தின்று நாக்குச் செத்துப்போனவர்கள், சாயங்காலம் கொட்டகைக்கு வெளியே குந்தி அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ரப்பர் எண்ணெயில் பிசின் அதிகம். பிளக்கில் கரி பிடிக்கும், கார்பரேட்டர் ஜெட் அடைக்கும். ஆகவே இஞ்சின் எப்போது முரண்டு பிடித்தாலும் நான் எண்ணெயைத்தான் திட்டுவேன். இந்தப் பழக்கம்தான் பிற்பாடு என் கண்ணைக் கட்டிவிட்டது.

3. சரஸ்வதி பூசைக்குப் பிறகு

பம்பைப் பார்த்துக்கொள்ள மாணிக்கம் என்று ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், எனக்கு அண்ணன் முறை. இஞ்சினை நான் மெஷின் என்பேன், அவர் "அவரு" என்பார். "அவருக்கு இன்னிக்கு உடம்பு சூடா இருக்கு தம்பி" என்பார்.

சரஸ்வதி பூசை வந்தது. மாணிக்கம் அண்ணன் இஞ்சினைத் துடைத்து, பூப் போட்டு, சூடம் இல்லாததால் ரப்பர்க் கட்டையில் தீ காட்டினார். கோயில் சந்தனக்கட்டை தேய்ந்து சுண்டுவிரல் அளவுக்கு வந்திருந்தது. அதில் இழைத்த கொஞ்சூண்டு சந்தனத்தில் மரவள்ளி மாவைக் குழைத்து அளவைக் கூட்டிக்கொண்டார். இஞ்சினில் உச்சியில் இருப்பது ரப்பர் எண்ணெய் டேங்கியின் மூடி. அதன் நடுவில் காசு அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தார். நான் வேதக்காரன், கிறிஸ்தவன்; மரியாதைக்கு ஓரமாக நின்றேன்.

மறுநாளிலிருந்து இஞ்சின் நிற்க ஆரம்பித்தது.

நான் முறையாகத்தான் பார்த்தேன். முதலில் டேங்கி மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். மூடுவேன். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பேன். கயிற்றை இழுத்தால் ஓடும். ஆகா, பிளக்தான் கோளாறு என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வருவதற்குள் நின்றிருக்கும். மறுநாள் மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்துவிட்டு ஜெட்டை ஊதுவேன். ஓடும். ஜெட்தான் கோளாறு என்பேன். நிற்கும். அடுத்து, தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவின் பாயின்ட். நான் எதைத் தொட்டாலும் குணமாகும், நான் கையைத் துடைப்பதற்குள் மறுபடி சீக்காகும்.

மாணிக்கம் அண்ணனும் சும்மா இருக்கவில்லை. இஞ்சின் நின்றபோதெல்லாம் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைப்பார். அவர் பொட்டு வைத்த பிறகும் இஞ்சின் ஓடத்தான் செய்தது. ஆகவே குணமாக்கியது யார் என்பதில் எங்களுக்குள் தகராறு.

"தம்பி, உன் பிளக்கும் இல்ல, கிளக்கும் இல்ல. பூசையன்னிக்கு நீ கை கட்டிக்கிட்டு நின்னியே, அதான் அவருக்கு மனத்தாங்கல்."

"அண்ணே, கை கட்டுறதும் மரியாதைதான்."

"ஒரு கும்பிடு போட்டா உன் வேதம் என்ன தேஞ்சா போயிடும்?"

இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி மதலேன் மறுநாள் காலையில் பம்ப் கொட்டகைக்கு வந்து, தன் கழுத்தில் கிடந்த அந்தோணியார் சுரூபத்தை எண்ணெய்க் குழாயில் கட்டிவிட்டுப் போனாள். மேலே சந்தனம், கீழே அந்தோணியார். இரண்டு பக்கமும் காவல் இருந்தும் இஞ்சின் நின்றது.

4. அலுமினியத் தொட்டி

துரையின் பங்களாவில் இப்போது ஒரு சப்பான் அதிகாரி குடியிருந்தார். நெட்டையானவர். துரைக்குத் தட்டாத கதவு நிலை இவருக்குத் தினமும் தலையில் தட்டும். அதற்கும் யாராவது ஒரு தோட்டக்காரனுக்கு அறை விழும். கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து குளிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ரப்பர் பால் உறையவைக்கிற அலுமினியத் தொட்டியைத் தூக்கிவரச் சொல்லி, செங்கல் மேல் ஏற்றி, அடியில் விறகு மூட்டி, உள்ளே பலகை போட்டு உட்காருவார். சூடு கூடினால் குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீர் விட்டுக்கொள்வார். அந்தத் தண்ணீர் எங்கள் பம்பிலிருந்து போகவேண்டும்.

ஜொகூர் பாருவிலிருந்து இவருக்கும் மேலான பெரிய அதிகாரி ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. விருந்துக்கு அரிசி இல்லை, ஆகவே குளியல்தான் விருந்து. எங்கள் அதிகாரி கொட்டகைக்கு வந்து, உடைந்த மலாயில் எனக்கு நிலைமையை விளக்கினார்.

"ஆயர் அடா, பாகுஸ். ஆயர் தடா, லூ சியாம்."

தண்ணீர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நீ சயாம். இதைவிடச் சுருக்கமாக ஒரு வேலை உத்தரவை அதற்குப் பிறகு நான் எந்த முதலாளியிடமும் வாங்கியதில்லை.

மதலேனுக்கு அப்போது ஏழு மாதம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் சோறு ஏது? மரவள்ளிதான் இறங்கவில்லை. முதல் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலேயே போய்விடுவேனோ என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் பம்ப் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

5. பெரிய அதிகாரி வேகிறார்

பெரிய அதிகாரி கார் ஏறி வந்தார். பங்களாவில் தொட்டிக்கு அடியில் விறகு எரிந்தது. அவர் உள்ளே இறங்கி உட்கார்ந்தார். நான் கயிற்றை இழுத்தேன். இஞ்சின் பிடித்தது. பச்சைத் தண்ணீர் மேட்டில் ஏறியது. மாணிக்கம் அண்ணன் புதுப் பொட்டு வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார்.

கொஞ்ச நேரத்தில் இஞ்சின் இருமியது, நின்றது. மேட்டிலிருந்து ஒரு அலறல் கேட்டது. பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. தண்ணீர் நின்றுவிட்டது, விறகு நிற்கவில்லை.

எங்கள் அதிகாரி சரிவில் சறுக்கிக்கொண்டே ஓடிவந்தார். "பகேரோ!" என்று திட்டி ஒரு அறை விட்டார். எனக்குக் காது ரீங்காரமிட்டது. மூடியைத் திறந்தேன், எண்ணெய் இருந்தது, மூடினேன், கயிற்றை இழுத்தேன். ஓடியது. அதிகாரி என் தலைக்கு மேலேயே நின்றுகொண்டார்.

மறுபடி இருமல் ஆரம்பித்தது. வழக்கமாக இஞ்சின் நின்ற பிறகுதான் நான் எதையும் தொடுவேன். அன்றைக்கு நிற்கும்வரை காத்திருக்கப் பயம். சும்மா நின்றால் இன்னொரு அறை விழுமே என்று, ஏதோ செய்வதுபோல் காட்டுவதற்காக, இஞ்சின் ஓடும்போதே டேங்கி மூடியைத் திருகினேன்.

'ஸ்ஸ்ஸ்' என்று டேங்கி காற்றை இழுத்தது. செத்துக்கொண்டிருந்த இஞ்சின் உடனே எழும்பி ஓடியது.

மூடியை இறுக்கினேன். சற்று நேரத்தில் இருமல். தளர்த்தினேன். ஓட்டம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் வராது, காற்று நுழைய இன்னொரு ஓட்டை வேண்டும். டேங்கி மூடியின் நடுவிலும் அதற்காகவே குண்டூசி நுழைகிற அளவு ஓட்டை உண்டு. துரை காலத்தில் கிடைத்த சுத்தச் சந்தனம் என்றால் காய்ந்து உதிர்ந்திருக்கும். இது மரவள்ளி மாவுச் சந்தனம். பேப்பர் ஒட்டுகிற பசை. இஞ்சின் சூட்டில் காய்ந்து ஓட்டையைச் சிமெண்டு போல அடைத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் இஞ்சினை ஓடவைத்தது என் பிளக்கும் இல்லை, ஜெட்டும் இல்லை. எண்ணெய் பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்தேனே, அதுதான்.

நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. குத்துவதற்கு ஊசி வேண்டும். கையில் இருந்த ஒரே ஊசி என் அரைக்கால் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த ஊக்கு. அந்தக் காலத்தில் பித்தான் ஏது? மானமா சயாமா என்று யோசிக்க நேரமில்லை. ஊக்கைப் பிடுங்கினேன். இடது கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பொட்டில் ஓங்கி ஒரு குத்து.

"அடப்பாவி! சாமி பொட்டைக் குத்துறியே!" மாணிக்கம் அண்ணன் என் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணே, மூச்சு அடைக்குது!"

"யாருக்கு?"

"அவருக்குத்தான்! இது அவரு மூக்கு. மூக்குல சந்தனத்தை அப்பினா யாரு உசிரோட இருப்பா?"

அவர் கை தளர்ந்தது. இஞ்சினை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம். "மூக்கா இது? இத்தனை நாளா மூக்குலயா வச்சேன்?" என்றார். பிறகு, "அப்ப நெத்தி எது?" என்று கேட்டார்.

மேக்னெட்டோவை மூடியிருக்கும் வளைந்த தகட்டைக் காட்டினேன். காட்ட இரண்டு கை தேவைப்பட்டதில் சட்டை முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

"இனி அபா?" என்றார் அதிகாரி. இது என்ன என்கிறார். மாணிக்கம் அண்ணன்தான் கைகூப்பி, "செம்பாயாங், துவான்" என்றார். சாமி கும்பிடுகிறோம் ஐயா.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. தொப்பியைக் கழற்றினார். விறைப்பாக நின்று, அவர்கள் ஊர்க் கோயில் வழக்கப்படி இரண்டு தடவை கை தட்டி, இஞ்சினுக்குத் தலை குனிந்தார். மாணிக்கம் அண்ணன் நெற்றித் தகட்டில் புதுப் பொட்டு வைத்தார். நான் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூடியின் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்து, இறுக்கி மூடினேன். இஞ்சின் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. மேட்டில் அலறல் அடங்கியது. பிறகு பெரிய அதிகாரி உரக்கப் பாட ஆரம்பித்தார். அவ்வளவு கர்ணகொடூரமான பாட்டை அவ்வளவு ஆனந்தமாக நான் கேட்டதில்லை.

6. பூசை

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அதிகாரி கொட்டகைக்கு வந்து நின்றார். மாணிக்கம் அண்ணன் நெற்றியில் பொட்டு வைத்தார். அதிகாரி கை தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, கையால் குத்திக் காட்டினார்.

அவருக்கு ஊக்கும் பூசையில் ஒரு பகுதி. நான் இடுப்பிலிருந்து ஊக்கைப் பிடுங்கவேண்டும், ஒரு கையால் சட்டையைப் பிடிக்கவேண்டும், மறு கையால் மூடியைக் குத்தவேண்டும். ஒருநாள் சணல் கயிறு கட்டிக்கொண்டு, தனியாக ஒரு ஆணியோடு போனேன். முறை தப்பிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார். சப்பான்காரன் இருந்த காலம் முழுக்க இந்தப் பூசை நடந்தது. நல்ல வேளையாக மதலேன் அந்தப் பக்கம் வரவில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் லாரி வந்தது. சயாமுக்கு ஆள் பிடிக்கிற லாரி. திடகாத்திரமான ஆண்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினார்கள். என்னையும் மாணிக்கம் அண்ணனையும் தோளைப் பிடித்து லாரிக்குள் தள்ளினார்கள். எங்கள் அதிகாரி குறுக்கே வந்து ஏதோ கத்தினார். லாரிக்காரனும் கத்தினான். அதிகாரி நெற்றியில் பொட்டு வைப்பதுபோலவும் ஊக்கால் குத்துவதுபோலவும் செய்து காட்டினார். ஒரு கையால் தன் கால்சட்டையைக்கூடப் பிடித்துக் காட்டினார். லாரிக்காரன் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருக்கவேண்டும். இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

எங்கள் லயத்திலிருந்து அந்த லாரியில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. எங்களோடு தினமும் முறுக்கு வாசம் பிடித்தவர்கள். லாரி போன பிறகு நானும் மாணிக்கம் அண்ணனும் கொட்டகைக்குத் திரும்பினோம்.

"பார்த்தியா தம்பி, சந்தனம்தான் காப்பாத்துச்சு" என்றார் அவர்.

இஞ்சினை நிறுத்தியதே உங்கள் சந்தனம்தானே என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. நிறுத்தியதும் அதுதான், எங்களை நிறுத்திக்கொண்டதும் அதுதான்.

ஆகவே பிள்ளைகளே, இஞ்சின் ஓடி ஓடி நின்றால், அது நிற்பதற்கு முன்பே டேங்கி மூடியைத் தளர்த்திப் பாருங்கள். கொண்டுவந்தவரிடம் மெஷினை எப்படிக் கெடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள், எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார். கடைசியாக அதற்கு என்ன நல்லது செய்தீர்கள் என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லிவிடுவார்.