ஐயா கட்ட நினைத்த கட்டை வீடு

ஐயாவின் இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். எங்கள் ஐயாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். நல்லது நிறைய உண்டு. வயிற்றெரிச்சலும் உண்டு. மறைத்து எழுத எனக்கு வராது.

ஐயா மலைமேல் குண்டனி நாட்டில் பிறந்தவர். சாமையும் மிளகும் விளைவித்தார். அடிவாரத்து முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு மூட்டையைத் தலையில் வைத்தே இறங்குவார். ஊரில் யார் வீட்டுக் கூரை வேலை என்றாலும் முதல் ஆளாக நிற்பார். எங்கள் வீட்டு மண் சுவரோ, ஐப்பசியில் நனைந்தால் தை வரை காயாது. பாயும் ஈரம், போர்வையும் ஈரம். எனக்குப் பின் பிறந்த இருவரை மார்ச்சளி கொண்டுபோயிற்று. அடுத்துப் பிறந்த தம்பிக்கும் மூச்சு இழுக்கத் தொடங்கியது.

வெள்ளைக்காரன் காலம் அது. ஏர்க்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன ஐயா, மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துச் சுவர் எழுப்பிய கொட்டகை ஒன்றில் அடைமழைக்கு ஒதுங்கினார்.

"உள்ளார சொட்டு ஈரமில்ல புள்ள. அப்படியொரு ஊடு கட்டுனா நம்ம பையன் பொழைச்சுக்குவான்" என்று வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னார்.

மேட்டில் இடம் பார்த்தார். கயிறு பிடித்து அளந்து, மூலைக்கல் வைத்தார். சொந்தக் காட்டுப் பலாவையும் சந்தன வேம்பையும் தேய்பிறையில் வெட்டி, பட்டை உரித்துக் காயப்போட்டார். தூக்கி அடுக்க மட்டும் ஊர் வரவேண்டும். வெற்றிலை பாக்கோடு ஊர்ப் பெரியவரிடம் போனார். அவர் எங்களுக்கு மாமன் முறை.

"ஏனப்பா, கட்டையைப் படுக்கவெச்சு அடுக்கறது பொணத்துக்குத்தானே? அதுக்குள்ள பொண்டாட்டி புள்ளையோட படுப்பியா? அட சாமி!"

"ஈரம் வராதுங்க மாமா. பையனுக்கு மூச்சு இழுக்குதுங்க."

"நட்டு வெச்சுக் கட்டு, ஊரே வரும். படுத்த கட்டைய ஒருத்தனும் தொடமாட்டான்."

நட்டால் அடி மக்கிப்போகும், இடுக்கில் சாரல் புகும் என்று ஐயா வீடு வீடாகச் சொன்னார். யார் கேட்டார்கள்? செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"ஏனுங்க, நட்டுத்தான் கட்டுங்களே. ரெண்டு மழை தாங்குனாப் போதாதுங்களா?" என்று அம்மா அழுதார். ஐயாவும் பிடித்த பிடியை விடவில்லை. புரட்டாசிக் கடைசியில்தான், "சரி, நட்டே கட்டிக்கலாம்" என்று இறங்கி வந்தார். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. தம்பி கார்த்திகையைப் பார்க்கவில்லை.

எனக்கு ஊர்மேலும் கோபம், ஐயாமேலும் கோபம். இன்றுவரை ஆறவில்லை. வெட்டிய மரங்கள் கிடந்த இடத்திலேயே செல்லரித்தன. ஐயா அந்த மேட்டுப் பக்கம் போகவே இல்லை. ஆனால் அடுத்த வருடமே ஊரார் வீட்டுக் கூரை வேலைக்குக் கிளம்பினார். "அவிய ஊட்டுக்கு எதுக்குங்க ஐயா போறீங்க?" என்று கத்தினேன்.

"அங்கயும் கொழந்தைக இருக்குது கண்ணு" என்றார்.

கடைசி மழைக்காலத்தில் அதே ஈர வீட்டில் ஐயாவுக்கும் மூச்சு இழுத்தது. பத்தியக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அத்தைக்கும், கொள்ளி வைத்த பங்காளி மகனுக்கும் எங்கள் நன்றி. கொட்டும் மழையில், கூப்பிடாமலே ஐயாவைத் தூக்க ஊரே வந்தது. தோள் மாற்ற ஆள் குறையவில்லை. அத்தனை பேருக்கும் கும்பிடு. இதில் பாதிப்பேர் அன்றைக்குக் கட்டை தூக்க வந்திருந்தால், ஐயாவுக்குக் கொள்ளிக்குடம் எடுக்கத் தம்பி இருந்திருப்பான்.