பெட்டியக்காவின் பதினோராவது நோட்டு

நோட்டின் முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார் பெட்டியக்கா. பிறகு நடுப்பக்கத்தைப் பிரித்துக் கடைக்காரரின் கண்ணாடி மேஜை மேல் வைக்கிறார். கையை எடுத்துவிட்டுக் கண்கொட்டாமல் நிற்கிறார். நோட்டு மெல்ல எழுந்து தானாகவே மூடிக்கொள்கிறது. "இது ஆகாது" என்று ஓரமாகத் தள்ளுகிறார். ஏற்கெனவே ஆறு நோட்டுகள் அந்த ஓரத்தில் கிடக்கின்றன.

"ஏங்க்கா, நோட்டு வாங்க வந்தீங்களா, நோட்டுக்கு வைத்தியம் பாக்க வந்தீங்களா?" என்கிறார் கடைக்காரர்.

"பன்னெண்டாவது நோட்டு. ஒரு வருஷம் என்கூடக் குப்பை கொட்டணும்ல? பாத்துத்தான் எடுக்கணும்."

பிரித்து வைத்தால் படுத்த இடத்தில் படுத்திருக்க வேண்டும். தாள்கள் பசையில் ஒட்டியிருக்கக் கூடாது, நூலில் தைத்திருக்க வேண்டும். விளக்குக்கு நேரே தாளைத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து விரல் தெரியக் கூடாது. கடைசிப் பக்கத்தின் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அது பின்பக்கம் ஊறி வருகிறதா என்று நூறு எண்ணும்வரை காத்திருப்பார். அதற்குள் கடைக்காரர் மூன்று பேருக்கு வியாபாரம் முடித்து அனுப்பிவிடுவார். கோடு போட்ட நோட்டை மட்டும் தொடவே மாட்டார். "கோடு போட்டதுல எழுத்து உக்காரும். சாமான் உக்காருமா?" என்பது அவர் கட்சி.

பெட்டியக்காவுக்கு வீடு மாற்றிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடைப்பதற்கு அவர்தான் தலைவி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தொண்ணூறு பெட்டி" என்பார். சாயங்காலம் எண்ணினால் தொண்ணூறு இருக்கும். தொண்ணூற்றொன்று வந்தால், "அந்த ஒண்ணு நீங்க பரண் மேல மறைச்சு வச்சது. அது என் கணக்குல சேராது" என்று வீட்டுக்காரரிடமே சண்டைக்குப் போவார். கண்ணாடிக் கோப்பைக்குள் காலுறையைத் திணித்து, கோப்பையைப் போர்வையில் சுருட்டி, போர்வையைப் பாத்திரத்தில் அடைத்து, ஒரு இண்டு இடுக்கு விடாமல் அவர் பெட்டி கட்டுவதை வீட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பார்கள். தாம் பார்க்கப்படுவது அவருக்கும் தெரியும். கை இன்னும் கொஞ்சம் வேகமாகும்.

இந்த வேலைக்கு வந்த முதல் வருடத்திலேயே நோட்டும் தொடங்கிவிட்டது. வருடத்துக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு பொருள். அந்தப் பொருள் வீட்டார் கழித்துப்போட்ட குவியலிலிருந்துதான் வர வேண்டும். அதையும் சும்மா எடுத்துவிட மாட்டார். இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "இது குப்பைதானே?" என்று வீட்டுக்காரரிடம் கேட்பார். "குப்பைதான், குப்பைதான்" என்று வாயால் சொல்ல வைத்த பிறகுதான் சட்டைப் பைக்குள் போகும்.

அப்படிச் சேர்ந்தவை ஒன்றா இரண்டா. சுவிட்சுக்கு மேல் ஒட்டியிருந்த ‘இதைத் தொட்டால் அப்பா கத்துவார்’ என்ற துண்டுச்சீட்டு. அலமாரித் தாளில் எண்ணெய்ப் புட்டி பதித்த வட்டம். ஒரு கால் ஆடாமலிருக்க மேஜைக்கு அடியில் எட்டாக மடித்து வைத்த கல்யாண அழைப்பிதழ். ஒவ்வொன்றின் கீழும் தம் முண்டும் முடிச்சுமான கையெழுத்தில் இரண்டு வரி எழுதுவார். ‘மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. பீரோ படியில் திரும்ப மறுத்தது. வீட்டுக்காரரும் திரும்ப மறுத்தார். கடைசியில் இரண்டும் இறங்கின.’ வருடக் கடைசியில் நோட்டு மாசமான வயிறு மாதிரி உப்பிப்போய், பார்சல் கயிறு போட்டுக் கட்டினால்தான் நிற்கும்.

தன்னடக்கம் என்ற வியாதி பெட்டியக்காவுக்குக் கிடையாது. மதிய இடைவேளையில் சோற்றுக் கையைக் கழுவித் துடைத்த மறு நிமிடம் நோட்டைப் பிரித்துவிடுவார். கூட வேலை பார்க்கும் நெட்டையும் லாரி ஓட்டுநரும் ஒரே பக்கத்தை நாற்பது தடவை பார்த்திருப்பார்கள். நாற்பத்தோராவது தடவையும் பார்த்தாக வேண்டும். "பதினொரு வருஷத்துல யார் வீட்டுலயாவது ஒரு ஸ்பூன் காணாமப் போயிருக்கா? சொல்லு பாக்கலாம்" என்பார். போயிருந்தால் தானே சொல்வதற்கு. வீட்டில் அவர் கணவர், ஒரு கேன்டீனில் சமையல்காரர், ஆற்றாமையோடு ஒரு முறை கேட்டார்: "ஊரார் வீட்டுக்கெல்லாம் ஒரு பக்கம் போடறே. நம்ம வீட்டுக்கு ஒரு பக்கம் கிடையாதா?"

"நாம இன்னும் காலி பண்ணலையேங்க" என்றார் பெட்டியக்கா.

போன மாதம் இந்தப் பெருமைக்கே ஒரு சோதனை வந்தது. அதற்குக் காரணம் ஒற்றை எழுத்து.

பெட்டிகள் மேல் இவர்கள் தடித்த பேனாவால் ஓர் எழுத்து எழுதுவது வழக்கம். ‘உ’ என்றால் உடையும். ‘மு’ என்றால் முதலில் இறக்க வேண்டியது. ‘கு’ என்றால் குப்பை, போகிற வழியில் தொட்டியில் போட்டுவிட வேண்டியது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் வீடு மாற்றினார். மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. எட்டு வயதில் ஒரு மகள். மனிதர் கூடமாட ஒத்தாசை செய்கிற ரகம். இவர்கள் எழுத்து எழுதுவதைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்து, ஒரு பேனாவை வாங்கிக்கொண்டார். மகளின் சின்ன வயதுச் சாமான்களை ஒரு வெள்ளை மூட்டையாகக் கட்டி, மேலே பெரிதாகக் ‘கு’ என்று எழுதிவிட்டு, புது வீட்டைத் திறந்துவைக்கச் சாவியோடு முன்னால் போய்விட்டார். அவருக்குக் ‘கு’ என்றால் குழந்தை.

நடையில் இருந்த மூட்டையைப் பெட்டியக்கா பார்த்தார். அதன் வாயிலிருந்து ஒரு காகிதச் சுருள் எட்டிப் பார்த்தது. பிரித்தால், நாலு விரல் அகலத்தில் ஒன்றரை முழத் தாள். கதவு நிலையில் ஒட்டிவைத்துக் குழந்தையின் உயரத்தைக் குறித்துவந்த தாள் அது. குறுக்கே பென்சில் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் குண்டுக் குண்டாக ஒரு பெண்ணின் எழுத்து: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ‘ஐந்து, அடேயப்பா’, ஆறு. அதற்கு மேல் வெறும் தாள். இதையெல்லாமா தூக்கிப் போடுவார்கள் என்று வீட்டுக்காரர் மேல் அவருக்குக் கோபம்கூட வந்ததாம். ஆனாலும் அன்றைக்கு அவர் யாரையும் கேட்கவில்லை. ‘எழுதியே வச்சிருக்கு, இதுல கேக்க என்ன இருக்கு’ என்று தோன்றிவிட்டது. மூட்டை தொட்டிக்குப் போனது. தாள் விசிறி மடிப்பாக மடிந்து பதினோராவது நோட்டுக்குள் போனது. முதல் மடிப்பைப் பசை தடவி ஒட்டி, கீழே எழுதினார்: ‘நிலையில் தாள் உரித்த தடம் இருக்கிறது. தரையிலிருந்து கீழ் விளிம்பு மூன்றரைச் சாண். இந்த வீட்டில் ஒருத்தி மளமளவென்று வளர்ந்திருக்கிறாள்.’

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் ஃபோன் செய்தார். "கண்ணாடிக்கடைக்காரர் கத்துறாருக்கா. அவர் பொண்ணோட மூட்டையைக் காணோமாம். ‘கு’ன்னு இவ்ளோ பெருசா எழுதி வச்சேன், எப்படித் தவறும், உங்க ஆளுங்கதான் யாரோ எடுத்துட்டாங்கங்கறாரு."

பெட்டியக்கா அப்போது ஒரு பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். பதினொரு வருடத்தில் முதல் முறையாக ஒரு பொருள் காணாமல் போயிருக்கிறது. போட்டது அவருடைய கை. நடந்ததை மேனேஜரிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

"அவர் கையால எழுதினது, நம்ம மேல தப்பே இல்ல. நீங்க வாயைத் திறக்காம இருங்க. முக்கியமா அந்த நோட்டை வெளிய எடுக்காதீங்க. என் வீட்டுச் சாமான் இந்தம்மா நோட்டுக்கு எப்படிப் போச்சுன்னு ஒரு கேள்வி கேட்டா, நம்மகிட்ட என்ன பதில் இருக்கு? இத்தனை வருஷப் பேரு ஒரு நிமிஷத்துல போயிடும்க்கா."

"பேரு போனாப் போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன் சார். எனக்குப் பேரு முக்கியம். அதான் போறேன்" என்றார் பெட்டியக்கா.

மறுநாள் காலை நெட்டையைக் கூட்டிக்கொண்டு போனார். நோட்டு கையில் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கதவைத் திறந்ததும், "மூட்டை கிடைச்சுதா?" என்றார். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும்.

"மூட்டை போயிடுச்சுங்க. கொண்டுபோய்த் தொட்டில போட்டது நான்தான். எங்க பாஷையில ‘கு’ன்னா குப்பை. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. இவன் மேலயோ டிரைவர் மேலயோ தப்பு இல்ல."

கண்ணாடிக்கடைக்காரரின் கை கதவிலிருந்து இறங்கியது. பிறகு, "குழந்தைங்க. ‘கு’ன்னா குழந்தை" என்றார், ஏதோ பாடம் ஒப்பிப்பது போல. "அதுக்குள்ள அவ அம்மா எழுதி வச்சது ஒண்ணு இருந்துச்சு."

பெட்டியக்கா கயிற்றை அவிழ்த்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். நோட்டு அவர் கையில் மடங்காமல் கிடந்தது. கண்ணாடிக்கடைக்காரர் விசிறி மடிப்பை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஐந்தாவது கோட்டின் மேல் விரல் நின்றது. நின்றது நின்றபடி இருந்தது. நெட்டை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"இது எப்படி உங்ககிட்ட?" மேனேஜர் பயந்த கேள்வி வந்தேவிட்டது.

"வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வைப்பேன். கழிச்சுப் போட்டதுல இருந்து, கேட்டுட்டு எடுப்பேன். உங்க வீட்டுல மட்டும் கேக்காம எடுத்துட்டேன். இதுக்குப் பேரு திருட்டுன்னா, அப்படியே வச்சுக்கோங்க. நான் ஓடிப்போகல."

அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். சுவிட்சுச் சீட்டு, கதவு எண், திரைச்சீலையின் ஓரம். பீரோவும் வீட்டுக்காரரும் திரும்ப மறுத்த பக்கத்தில் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா அழுகையா என்று நெட்டைக்குத் தெரியவில்லை.

"மத்தது எல்லாம் போச்சு" என்றார் கடைசியில். "நீங்க எடுக்காம இருந்திருந்தா இதுவும் போயிருக்கும்."

பெட்டியக்கா இடுப்பிலிருந்து பெட்டி வெட்டும் கத்தியை எடுத்தார். எந்த நோட்டிலும் இதுவரை ஒரு தாளைக்கூட வெட்டி எடுத்தவரில்லை. பக்கத்தின் முதுகோரத்தில் அடிக்கோலை வைத்து, ஒட்டிய தாளோடு அந்தப் பக்கத்தையே ஒரே இழுப்பில் பிசிறில்லாமல் வெட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அதுவரை உள்ளறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் வந்து அதை வாங்கிக்கொண்டாள். நேராகப் போய்க் கதவு நிலையில் தாளை வைத்தாள். மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள். "எங்கப்பா ஒட்டணும்?"

அப்பா விழித்தார். உயரக் கோடுகள் இருக்கின்றன, எந்த உயரத்தில் இருந்தன என்பது யாருக்குத் தெரியும்? பழைய வீட்டுக்குப் புதிதாக ஆள் குடிவந்து பெயின்டும் அடித்தாகிவிட்டது. தாளை ஒரு சாண் மேலே ஒட்டினால் அத்தனை கோடும் பொய்யாகிவிடும்.

மகள் தாளுக்குக் கீழே நோட்டுப் பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மூன்றரைச் சாண்னு போட்டிருக்கு. யார் சாண்?"

"என் சாண்தான்" என்றார் பெட்டியக்கா. குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது.

முழங்காலிட்டு உட்கார்ந்தார். சுண்டுவிரலைத் தரையில் ஊன்றி, கட்டைவிரலை நிலையில் ஏற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் ஒரு பாதி. "இங்க" என்று நகத்தால் கீறிக் காட்டினார். "ஒரு நூல் கூட மாறாது. கண்ணை மூடிட்டு ஒட்டுங்க." அப்பா தாளை ஒட்டினார். தாள் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியதால் நெட்டை போய் மேல் முனையைப் பிடித்துக்கொண்டான்.

மகள் திரும்பி, நிலையோடு முதுகை ஒட்டி நின்றாள். ஆறாவது கோடு அவள் காதுக்குக் கீழே எங்கேயோ இருந்தது. "ரெண்டு வருஷமா யாருமே அளக்கல" என்றாள், பொதுவாக.

அப்பா மேஜையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்ததும் கை ஓடாமல் நின்றுவிட்டார். பெட்டியக்கா பென்சிலை வாங்கினார். பதினோராவது நோட்டை மூடி, சிறுமியின் உச்சந்தலையில் மட்டமாக வைத்தார். "எக்காதே. குதிகாலை ஊணு" என்றார். ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, நோட்டின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தார்.

கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. பென்சிலைத் திருப்பிப் பிடித்து அப்பாவிடம் நீட்டினார்.