மாத்திரைக்கு மசியாத கட்டி

எங்கள் கபடி டீமில், அடிபடாமல் இருக்க மாட்டிக்கொள்ளும் முட்டிக்கேப்பைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் ராசி போய்விடும் என்பது கேப்டன் அக்கா போட்ட சட்டம். மொரப்பூர்ப் பக்கத்துச் சின்ன ஊர் நாங்கள், டீமுக்கே அந்த ஒரு ஜோடிதான். ஒரு மேட்சில் நன்றாக ரெய்டு போனவள் வேர்வையோடு கழற்றி, அடுத்த மேட்ச் ஆடப்போகிறவளுக்குத் தன் கையாலேயே மாட்டிவிடுவாள். அந்த நாற்றத்தைப் பெருமையாக மோந்து பார்த்துக்கொண்ட கூட்டம் நாங்கள்.

காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது மாவட்ட டீமுக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். எடுத்துவிட்டால் ஸ்டேட் மேட்ச் ஆடலாம். நான் சோறு தண்ணி மறந்து பிராக்டிஸ் பண்ணினேன். அந்த நேரம் பார்த்து என் வலது முட்டியில் பரு மாதிரி ஒன்று கிளம்பியது.

அம்மா விளக்கெண்ணெய் தடவி வெற்றிலை வைத்துக் கட்டினாள். அடங்கவில்லை. மெடிக்கல் கடையில் கட்டி என்று சொன்னதும் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் வற்றியதும் நிறுத்திவிட்டேன். மறுபடி வந்தபோது அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, கால் மடங்காமல் போனது. காய்ச்சல் வேறு. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அம்மா வழியெல்லாம் அழுதாள்.

"காலை எடுத்துருவாங்களாடி?"

"வாயை மூடிட்டு வாம்மா," என்றேன். எனக்கும் அதே பயம்தான்.

அங்கே இருந்த டாக்டரம்மா கட்டியைக் கீறிச் சீழை எடுத்து, கொஞ்சம் டெஸ்டுக்கும் அனுப்பினார். மறுமுறை போனபோது விஷயத்தைச் சொன்னார்.

"வழக்கமா குடுக்கிற மாத்திரைக்கு இந்தக் கிருமி மசியாதும்மா. ஆளாளுக்கு வாங்கிப் போட்டு அரைகுறையா நிறுத்தி, அதுக்கு மருந்தைப் பழக்கி விட்டுட்டோம். வேற மருந்து எழுதறேன், முழுசா சாப்பிடணும். இது வேர்த்த துணியில கூட ஒட்டிக்கிட்டு வரும். கூட ஆடறவங்க யாருக்காச்சும் கட்டி இருக்கா?"

கேப்டன் அக்கா வேர்வையோடு கழற்றி எனக்கு மாட்டிவிட்ட முட்டிக்கேப் ஞாபகம் வந்து பொறி தட்டியது. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று கேப்டன் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உனக்கு எங்கயாச்சும் கட்டி இருக்குதா? பொய் சொன்ன, வூட்டுக்கே வந்து பேண்டை இழுத்துப் பாப்பேன்."

"தொடையில இருக்குது. சொன்னா ஆட விடமாட்டாங்கன்னுதான்..." என்று இழுத்தாள்.

"ராசியாம் ராசி. அந்தக் கேப்பைத் தூக்கிக் குப்பையில போடு மொதல்ல."

கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். ஆனால் மறுநாளே கட்டியை மறைத்துக்கொண்டிருந்த எல்லாரையும் திரட்டிக்கொண்டு அதே டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். அதற்குப் பிறகு ஆளுக்கொரு கேப், ஆளுக்கொரு துண்டு. ஆடி முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிக்காதவளை அவளே விரட்டி விரட்டிக் குளிக்க வைத்தாள்.

என் புண் ஆறியது. வலி போனதும் வழக்கம்போல மாத்திரையை விடப் பார்த்தேன். அம்மா விடவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து, நான் முழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். காலில் தழும்பு மட்டும் மிஞ்சியது. ஆடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுகையும் வந்தது.

மாவட்ட டீமுக்கு ஆள் எடுத்த அன்றைக்குக் கடைசி ரெய்டு எனக்கு விழுந்தது. உள்ளே போய் ஒருத்தியைத் தொட்டுத் திரும்புவதற்குள் எதிராளிகள் அந்த வலது காலையே கவ்விப் பிடித்தார்கள். முட்டி தரையில் மோதியது. ஐயோ போச்சு என்று நினைத்தேன். போகவில்லை. அந்தக் காலையே ஊன்றி, இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டேன்.

மாவட்ட டீமில் என்னையும் எடுத்தார்கள், கேப்டன் அக்காவையும் எடுத்தார்கள். மைதானத்துக்குள் ஓடிவந்த அம்மா, என்னைக் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால், குனிந்து என் பேண்டை முட்டிக்கு மேலே சுருட்டிவிட்டாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, "பாருங்க, இந்தக் காலுதாங்க," என்றாள்.